குளிர்கால விடுமுறையில் ஹோஸ்ட் வீட்டாரோடு ஊர் சுற்றல்: கேள்வி பதில்

டிசம்பர் பிறந்தால் போதும், பள்ளி மாணவர் பரிமாற்றத்தில் அமெரிக்கா வந்திருக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் கேள்விமேல் கேள்வியாக அனுப்புவார்கள். பதினாறு வயதில் நானும் இப்படித்தான் மின்னசோட்டாவில் ஒரு ஹோஸ்ட் வீட்டுக்கு, அதாவது பரிமாற்ற மாணவரைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கு, வந்து இறங்கினேன். இப்போது இங்கேயே குடியிருந்து, புதிதாக வரும் பிள்ளைகளுக்கு உள்ளூர் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். இந்த வருடம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மிச்சிகனிலிருந்து ஒரு மாணவி: அக்கா, கிறிஸ்துமஸ் முடிந்ததும் கனடா பக்கம் போய் நயாகரா பார்க்கலாம் என்கிறார்கள். என்னிடம்தான் அமெரிக்க விசா இருக்கிறதே, அது போதாதா?

போதாதும்மா. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா தனியாக வாங்க வேண்டும். அதற்கு விண்ணப்பம், கைரேகை என்று நாள் பிடிக்கும். டிசம்பர் நடுவில் ஆரம்பித்தால் கைக்கு வந்து சேராது. ஹோஸ்ட் வீட்டாருக்கு இது தெரிந்திருக்காது. அவர்கள் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டுப் பாலத்தைத் தாண்டுகிறவர்கள், உனக்கும் அப்படித்தான் என்று நினைத்திருப்பார்கள். அதனால் நீதான் முதலில் வாயைத் திறக்க வேண்டும்.

இன்னொன்று, போவதைவிடத் திரும்பி வருவதுதான் முக்கியம். உன் டி.எஸ்-2019 படிவத்தின் (பரிமாற்றத் திட்டத்தில் நீ சேர்ந்திருப்பதைக் காட்டும் சான்று) முதல் பக்கத்தில், வலது கீழ் மூலையில் பயணக் கையெழுத்துக்கு இடம் விட்டிருப்பார்கள். அங்கே உன் திட்ட அமைப்பின் பொறுப்பு அதிகாரி கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். பள்ளி முதல்வரோ ஹோஸ்ட் அப்பாவோ போட்டால் செல்லாது. ஒருமுறை போட்டால் அதிகபட்சம் ஒரு வருடம் செல்லும். அதோடு, பதினெட்டு வயது ஆகாதவர்கள் பெற்றோரின் சம்மதக் கடிதத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

இந்த வருடம் நேரம் இல்லை என்றால் நியூயார்க் மாநிலப் பக்கமே போய்வா. முழு அருவியும் அகலமாகத் தெரிவது கனடாவிலிருந்துதான், அதை மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பக்கம் அருவியை ஒட்டியிருக்கும் கோட் தீவின் முனையில் நின்றால், நயாகராவின் பெரிய பகுதியான குதிரைலாட அருவி காலடியிலேயே விழும். குளிர்காலத்தில் சாரல் பட்டுப் பட்டுக் கைப்பிடிக் கம்பிகள் எல்லாம் கண்ணாடிக் குழாய் மாதிரி உறைந்து நிற்கும். படகுச் சவாரி மட்டும் அப்போது கிடையாது.

மகனை அனுப்பியிருக்கும் ஓர் அப்பா: மேடம், கொலராடோவுக்குப் பனிச்சறுக்கு ஆட அழைத்துப் போகிறார்களாம். அந்தச் செலவு யாருடையது? நாங்கள் பணம் கொடுத்தால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

எடுத்துக்கொள்ள மாட்டார்கள் சார். பள்ளி மாணவர்களுக்கான ஜே-1 (பரிமாற்ற விசா) திட்டத்தில் ஹோஸ்ட் குடும்பத்துக்குச் சம்பளம் என்று எதுவும் இல்லை. படுக்கையும் மூன்று வேளைச் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுக்கான டிக்கெட், சறுக்குப் பலகை வாடகை, பயிற்சி வகுப்பு எல்லாம் பெரும்பாலும் மாணவன் கணக்கில்தான் வரும். சில குடும்பங்கள் தாங்களே கொடுத்துவிடுவதும் உண்டு. எது எப்படி என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடச் சொல்லுங்கள். "இதில் என் பங்கு எவ்வளவு?" என்று மகனே நேராகக் கேட்கட்டும். நீங்கள் அங்கிருந்து தனியாகச் செய்தி அனுப்ப வேண்டாம்.

நம் வீடுகளில் அழைத்துப் போகிறவரிடம் காசு பற்றிப் பேசினால் அவமதிப்பு. நானும் அப்படித்தான் நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஹோஸ்ட் அம்மா என் பெயரை எழுதி, கணக்குப் போட்டு, ஒரு மஞ்சள் சீட்டை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார். அதை ஏதோ மளிகைப் பட்டியல் என்று மூன்று வாரம் பார்த்துக்கொண்டே பால் எடுத்திருக்கிறேன்! அவருக்கு என்மேல் மனத்தாங்கல், எனக்குக் காரணமே புரியவில்லை.

காப்பீட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர் கொடுக்கும் காப்பீடு இருக்க வேண்டும் என்பது ஜே-1 விதி. ஆனால் சில பாலிசிகளில் சறுக்கு விளையாட்டுக் காயம் விலக்குப் பட்டியலில் இருக்கும். அந்தப் பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள்.

அதே மாதிரி கொலராடோ போகும் இன்னொரு மாணவன்: அக்கா, பனியையே பார்த்ததில்லை. விழுந்து கை காலை உடைத்துக்கொள்வேனோ?

விழுவாய் தம்பி, அதில் சந்தேகமே இல்லை. உடையாமல் இருக்க வழி இருக்கிறது. முதல் நாள் அரை நாள் வகுப்பில் சேர்ந்துவிடு. உன் வயது ஹோஸ்ட் தம்பி "நான் சொல்லித் தருகிறேன், மேலே வா" என்பான், நம்பிப் போய்விடாதே. அவன் மூன்று வயதிலிருந்து சறுக்குகிறவன். உனக்கு எது தெரியாது என்பதே அவனுக்குத் தெரியாது.

வகுப்பில் முதலில் கற்றுத்தருவது, சறுக்கிக்கொண்டே போகும்போது வேகத்தைக் குறைத்து நிறுத்துவதற்குத்தான். பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்து, பின்முனைகளை அகற்றினால் பீட்சா துண்டு மாதிரி ஒரு முக்கோணம் வரும். குழந்தைகளுக்கு "பீட்சா, பீட்சா" என்று கத்தித்தான் சொல்லித்தருவார்கள், நீயும் கூச்சப்படாமல் கத்திக்கொள். மேலே ஏற, தரையோடு ஓடும் ஒரு பட்டை இருக்கும், அதற்கு மேஜிக் கார்ப்பெட் என்று பெயர். நாலு வயசுக் குழந்தைகளோடு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், நில்லு. பாதைகளுக்கு நிறக்குறி உண்டு: பச்சை வட்டம் சுலபம், நீலச் சதுரம் நடுத்தரம், கருப்பு வைரம் கடினம். உனக்கு இந்தப் பயணம் முழுக்கப் பச்சைதான்.

பருத்தி சாக்ஸ், பருத்தி பனியன் வேண்டாம். வேர்வையில் நனைந்தால் காயாது, அப்புறம் அதுவே குளிரைக் கொண்டுவரும். சன்ஸ்கிரீன் மறக்காதே, பனியில் வெயில் எதிரொளித்து மூக்குத் தோல் உரியும். உயரத்தையும் லேசாக எடுத்துக்கொள்ளாதே. பிரெக்கன்ரிட்ஜ் ஊரே 9,600 அடியில் இருக்கிறது, நம் தொட்டபெட்டா உச்சியைவிட உயரம். முதல் நாள் தலை வலிக்கலாம், வயிற்றைப் பிரட்டலாம். தண்ணீர் நிறையக் குடி, ஓடியாடாதே. மூச்சு வாங்கினால் உடனே சொல். ஜாலியைக் கெடுக்கிறோமோ என்று அடக்கிக்கொண்டு இருக்காதே.

அரிசோனாவில் இருக்கும் மாணவன்: கிராண்ட் கேன்யன் போகிறோம். பாலைவனம்தானே, ஸ்வெட்டர் தேவையா?

தேவை. அந்தப் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பு ஏறக்குறைய 7,000 அடி உயரம், அங்கே பனி கொட்டும். "நாளைக்குப் பத்து டிகிரி" என்று ஹோஸ்ட் அப்பா சொன்னால் அது ஃபாரன்ஹீட், நம் கணக்கில் மைனஸ் 12. வடக்கு விளிம்புக்கு அப்போது காரில் போக முடியாது, மூடிவிடுவார்கள்.

ஓர் அம்மா: என் பெண் சுத்த சைவம். ஆறு நாள் காரிலேயே போகப்போகிறார்களாம். என்ன சாப்பிடுவாள்?

பட்டினி கிடக்க மாட்டாள் அம்மா, ஆனால் அலுத்துப்போவாள். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் மீனும் கோழி வேகவைத்த சூப்பும் அதில் சேர்த்தி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இறைச்சி, கோழி, மீன், அவற்றின் சாறு எதுவும் வேண்டாம் என்று பிரித்துச் சொல்லப் பழக்குங்கள். பீன்ஸ் புரீட்டோ (பீன்ஸ் வைத்துச் சுருட்டிய மெக்சிகோ ரொட்டி) கிடைக்கும், அதில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். ரொட்டியும் வேர்க்கடலை வெண்ணெயும் காரிலேயே இருக்கட்டும்.

ஒஹாயோவிலிருந்து ஒரு மாணவி: அக்கா, ஹோஸ்ட் பாட்டி வீட்டில் நாலு நாள் இருந்தோம், இருபது பேர். யார் என்ன ஜோக் சொல்கிறார்கள் என்றே புரியவில்லை. அறைக்குள் போய் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டால் ஹோஸ்ட் அம்மா முகம் மாறுகிறது. இன்னும் ஒரு வாரம் பயணம் பாக்கி. அழுகையாக வருகிறது.

அழு, தப்பில்லை. கிறிஸ்துமஸ் வாரத்தில் அழாத பரிமாற்றப் பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் சாத்திய கதவை அவர்கள் "இவளுக்கு நம்மைப் பிடிக்கவில்லை" என்றுதான் படிப்பார்கள். நீ வீட்டு ஏக்கத்தில் இருக்கிறாய் என்பது அவர்களுக்குத் தானாகத் தெரியாது. இன்றைக்கே ஹோஸ்ட் அம்மாவிடம் சொல்: "வீட்டு நினைப்பாக இருக்கிறது. தினம் காலை எட்டு மணிக்கு அரை மணி நேரம் அம்மாவிடம் பேசுகிறேன், மற்ற நேரம் உங்களோடு இருக்கிறேன்." அங்கே எட்டு என்றால் நம் ஊரில் மாலை ஆறரை, அம்மாவுக்கும் வசதி.

மற்ற நேரத்தில் இருபது பேரோடும் பேச வேண்டியதில்லை. அந்த மாதிரி வீடுகளில் பெரும்பாலும் ஒரு மேசையில் பாதி முடிந்த ஜிக்சா புதிர் கிடக்கும். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஓரத் துண்டுகளைத் தேடு. பேச்சு தானாக வரும், வராவிட்டாலும் கூட உட்கார்ந்திருந்தாய் என்ற கணக்கில் சேரும். நான் மூன்று நாள் வெறும் வானத் துண்டுகளாகப் பொறுக்கினேன். என் ஹோஸ்ட் வீட்டுத் தாத்தா இன்றைக்கும் என்னை "நீலப் பெண்" என்றுதான் கூப்பிடுகிறார்.

இன்னொரு மாணவன்: நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் நான் கார் ஓட்டலாமா? ஹோஸ்ட் அண்ணன் சரி என்கிறான்.

கூடாது. பெரும்பாலான திட்டங்களில் இதற்கு வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

டெக்சாஸிலிருந்து ஒரு மாணவி: எனக்குப் போகவே விருப்பமில்லை அக்கா. வீட்டில் தனியாக இருந்துகொள்கிறேன் என்று சொல்லலாமா?

தனியாக விட்டுவிட்டுப் போக அவர்களால் முடியாதும்மா. நீ அவர்கள் பொறுப்பில் இருக்கிறாய். நிஜமாகவே முடியாது என்றால் உன் ஒருங்கிணைப்பாளரிடம் சொல், அந்த நாட்களுக்கு வேறொரு வீட்டில் தங்க ஏற்பாடு செய்ய முடியும். ஆனால் கிளம்புகிற அன்று காலையில் சொல்லாதே. டிக்கெட் போடுவதற்கு முன்னால் சொல்.