பழைய டெகால் தாள் நொறுங்குகிறது: புதிது வாங்கலாமா?

கேள்வி: இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கி, பிரிக்காமலே வைத்திருந்த 1/24 அளவு பிளாஸ்டிக் மாடல் ராலி கார் கிட்டை இப்போதுதான் கட்டத் தொடங்கியிருக்கிறேன். அடர் நீல உடல். அதன்மேல் வெள்ளை எழுத்துகள், கதவுகளில் கறுப்பு எண்கள், கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுப் பட்டைகள். இவற்றைத் தண்ணீரில் ஊறவைத்துக் காரில் ஒட்ட வேண்டிய டெகால் தாள் மஞ்சளாகிவிட்டது. ஓர் எண்ணை வெட்டித் தண்ணீரில் போட்டேன். நாலைந்து துண்டுகளாக உடைந்து மிதந்தது. இதே கிட்டின் 'பிரிக்காத அசல் தாள்' தன்னிடம் இருப்பதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? அல்லது வீட்டிலேயே அச்சிட்டுக்கொள்ளலாமா?

பதில்: முதலில் அந்தத் தண்ணீர்க் கிண்ணத்தை அப்பால் எடுத்து வையுங்கள். அடுத்து, 'அசல் தாள்'காரருக்கு இன்று பதில் எழுதாதீர்கள். உங்கள் தாள் இன்னும் சாகவில்லை.

டெகாலில் அடியில் தாள், அதன்மேல் தண்ணீரில் கரையும் பசை, அதற்கும் மேலே மையும் அதைத் தாங்கும் மெல்லிய வார்னிஷ் படலமும் இருக்கின்றன. ஆண்டுகள் போகப் போக இந்தப் படலம் நெகிழ்ச்சியை இழந்து சருகாகிவிடுகிறது. தாளோடு ஒட்டியிருக்கும்வரை அது முழுசாகத்தான் தெரியும். பசை கரைந்ததும் பிடிமானம் போய் உடைந்துவிடும். மை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆகவே உங்களுக்குத் தேவை புதுத் தாள் அல்ல, பழைய தாளின் மேல் ஒரு புதுப் படலம்.

அதற்கு முன் தாளை ஸ்கேன் செய்துவிடுங்கள். அங்குலத்துக்கு 600 புள்ளியாவது வேண்டும், முடிந்தால் 1200. பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வைத்து ஸ்கேன் செய்யுங்கள். ஜேபெக் வேண்டாம், டிஃப் அல்லது பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். இதைச் செய்யாமல் தாளில் கை வைத்துவிட்டு, பிறகு மங்கலான கைப்பேசிப் படத்தை அனுப்பி 'இதிலிருந்து எடுக்க முடியுமா' என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நீங்கள் உடைத்த எண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எதிர்க் கதவுக்கும் அதே எண் தாளில் இருக்கும்; ஸ்கேன் இருந்தால் அதிலிருந்து நகலெடுக்கலாம்.

மஞ்சளைப் போக்க வெயில் போதும். தாளை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் மூடி, அச்சிட்ட பக்கம் வெளியே பார்க்கும்படி வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். சில நாட்களிலிருந்து சில வாரங்கள்வரை ஆகலாம். தினமும் பாருங்கள்.

ஆனால் உங்கள் தாளில் ஆரஞ்சுப் பட்டை இருக்கிறது என்கிறீர்கள். கண்ணைப் பறிக்கிறது என்றால் அது சாதாரண ஆரஞ்சு அல்ல, ஒளிரும் வண்ணம். இந்த வண்ணம் புற ஊதாக் கதிரை விழுங்கி, அதைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளியே விடுகிறது. தன்மேல் விழும் வெளிச்சத்தைவிடப் பிரகாசமாகத் தோன்றுவது அதனால்தான். விழுங்கிய அந்தக் கதிரே அதைக் கொல்லவும் செய்கிறது. மஞ்சளை வெளுக்க வைக்கும் அதே வெயிலில் மற்ற மைகள் தாக்குப்பிடிக்கும்போது, இது வெளிறிச் சோளத்தட்டை நிறத்துக்கு வந்துவிடும். போனால் போனதுதான். ஆகவே ஆரஞ்சுப் பட்டைகள் உள்ள பகுதியை முதலிலேயே தனியாக வெட்டி இருட்டில் வைத்துவிடுங்கள். எழுத்துகளோடு நெருங்கி அச்சாகியிருந்து வெட்ட இடமில்லை என்றால், உறைக்கு வெளியே அந்த இடத்தை மட்டும் அலுமினியத் தாளால் மூடுங்கள். கறுப்புக் காகிதமும் போதும், ஆனால் ஓரத்தில் இடுக்கு விடாதீர்கள்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒளிரும் வண்ணத்துக்கு நகல் கிடையாது. ஸ்கேனர் அதை மந்தமான ஆரஞ்சாகத்தான் பதிவு செய்யும். வீட்டு அச்சுப்பொறியில் இருக்கும் நான்கு மைகளைக் கலந்தும் அதைக் கொண்டுவர முடியாது. எண்பதுகளின் மெக்லாரன் பந்தயக் கார்களில் தொலைக்காட்சியில் எடுப்பாகத் தெரிவதற்காக ஒளிரும் சிவப்பைத்தான் பூசினார்கள். அவற்றின் மாடலுக்குச் சாதாரணச் சிவப்பு டெகாலை ஒட்டிப் பாருங்கள், எங்கேயோ தவறியது போலவே இருக்கும். உங்கள் பட்டைகள் ஏற்கெனவே வெளிறியிருந்தால் டெகாலை விட்டுவிட்டு, அந்த இடத்தைச் சுற்றி மறைப்பு நாடா ஒட்டி முதலில் வெள்ளையும், அதன்மேல் ஒளிரும் ஆரஞ்சுப் பெயின்ட்டும் அடியுங்கள். அடியில் வெள்ளை இல்லாவிட்டால் நீலம் அதைத் தின்றுவிடும்.

வெளுத்த பிறகு படலம். மைக்ரோஸ்கேல் நிறுவனத்தின் 'லிக்விட் டெகால் ஃபிலிம்' இதற்கென்றே வருகிறது. அகலத் தூரிகையால் ஒரே திசையில் ஒரே தடவை பூசுங்கள். பூசிய இடத்துக்குத் திரும்பப் போகாதீர்கள். ஓர் இரவு காயட்டும். இனி முழுத் தாளும் ஒரே டெகால் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் ஓரத்தை ஒட்டி வெட்டித்தான் எடுக்க வேண்டும். முதலில் மூலையில் இருக்கும் நிறுவனத்தின் பெயரையோ கிட் எண்ணையோ வெட்டி வெதுவெதுப்பான நீரில் சோதித்துப் பாருங்கள். உடைந்தால் இன்னொரு பூச்சு.

இனி அந்த 'அசல் தாள்'காரர். அவர் உண்மையே சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தாளுக்கு இருபத்தைந்து வயது என்றால் அவருடையதற்கும் அதே வயதுதானே? உங்களுடையது உடைந்தால் அதுவும் உடையும். புத்தம் புதிதாக, பால் போல வெள்ளையாக இருக்கிறது என்று படம் அனுப்பினாரென்றால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். இந்தத் தாள்கள் சில்க் ஸ்கிரீன் முறையில் அச்சானவை. ஒவ்வொரு நிறமும் தனி மை. பூதக்கண்ணாடியில் ஓரங்கள் வெட்டியது போலத் தெரியும். குட்டிக் குட்டி வண்ணப் புள்ளிகள் தெரிந்தால், யாரோ ஒருவருடைய ஸ்கேனை அச்சிட்டு விற்கிறார் என்று பொருள். நெருக்கமாக எடுத்த படம் ஒன்றும், புற ஊதா டார்ச் வெளிச்சத்தில் ஆரஞ்சுப் பட்டையின் படம் ஒன்றும் கேளுங்கள். அசலென்றால் ஒளிரும். இந்த இரண்டைக் கேட்டதும் பேச்சையே நிறுத்திக்கொண்ட வியாபாரிகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

வீட்டில் அச்சிடலாமா என்றால், உங்கள் காருக்குப் பாதிதான் முடியும். இங்க்ஜெட்டாகட்டும் லேசராகட்டும், வீட்டு அச்சுப்பொறியில் வெள்ளை மை இல்லை. மற்ற நிறங்களும் ஒளி ஊடுருவுபவை; அடர் நீலத்தின் மேல் ஒட்டினால் காணாமல் போய்விடும். கறுப்பு எண்களை மட்டும் அச்சிடலாம். அவையும் வெள்ளைக் கட்டத்தின் மேல் வருவதாக இருந்தால்தான். இங்க்ஜெட் மை தண்ணீரில் கரையும் என்பதால், ஊறவைக்கும் முன் அக்ரிலிக் கிளியரை (நிறமற்ற காப்புப் பூச்சு) மெல்லிய பூச்சுகளாக இரண்டு மூன்று தடவை அடித்துக் காயவிட வேண்டும். லேசருக்கு அது தேவையில்லை. இங்க்ஜெட் டெகால் தாளை மட்டும் லேசர் இயந்திரத்தில் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் சூட்டில் பூச்சு உருகி உருளையில் ஒட்டினால், டெகாலோடு இயந்திரமும் போகும். அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற வசதியை அணைத்து, 100 சதவீதத்தில் வையுங்கள். அளவுகோலை ஸ்கேனில் சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

வெள்ளை எழுத்துகளைக் காப்பாற்ற முடியாமல் போனால் வெளியில்தான் அச்சிட வேண்டும். ஆல்ப்ஸ் நிறுவனத்தின் எம்டி வரிசை அச்சுப்பொறிகளில் வெள்ளையும் உலோக நிறங்களும் ரிப்பனிலேயே வந்தன. மேசைமேல் வைக்கும் அளவுதான். அதை நிறுத்திவிட்டார்கள். மாடல் கட்டுகிறவர்களுக்கு எது உதவுகிறதோ அதைத்தான் தொழில் உலகம் முதலில் நிறுத்தும். கிட் நிறுவனங்களும் அப்படித்தான்: உதிரி டெகால் கேட்டால் இருப்பில் இல்லை என்பார்கள், பழைய கிட்டை மறுபடி வெளியிட்டால் புகையிலை விளம்பரங்களை எடுத்துவிட்டு வெறுங்கட்டங்களோடு அனுப்புவார்கள். உரிமம், விளம்பரத் தடை என்று காரணம் சொல்வார்கள். காரணம் சரியாகவே இருக்கட்டும், என் கார் மொட்டையாக நிற்கிறதே!

இந்த இடைவெளியில்தான் தரகர்கள் புகுந்தார்கள். சொந்தமாக இயந்திரம் இல்லாமல் ஆர்டர் வாங்கி, வேறு யாரிடமோ கொடுத்து வாங்கித் தருகிறவர்கள். ஒருமுறை ஒருவரிடம் வெள்ளை எழுத்துகள் கேட்டிருந்தேன். வெள்ளைத் தாளில் எழுத்துகளைச் சுற்றி நீலத்தை அச்சிட்டு அனுப்பினார். அந்த நீலம் என் காரின் நீலம் அல்ல. கேட்டால், 'உயர்தர அச்சு' என்றார். நீங்கள் ஆர்டர் கொடுக்கும் முன் எந்த இயந்திரம், வெள்ளை தனி மையா டோனரா என்று கேளுங்கள். நேரடியாகப் பதில் வராவிட்டால் நகர்ந்துவிடுங்கள். பதில் வந்தாலும் விரல் அகலத்துக்கு ஒரு சோதனைத் துண்டை முதலில் வாங்கி, நீலம் அடித்த பிளாஸ்டிக்கில் ஒட்டிப் பாருங்கள்.

ஒட்டுவதில் உங்களுக்குப் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. உடல் பளபளப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பான பரப்பில் காற்று சிக்கி, படலம் வெள்ளி போல மின்னும். டெகால் நன்றாகப் பிடிக்க மைக்ரோ செட் என்ற கரைசலை அடியில் தடவலாம். படலத்தை இளக்கிப் பரப்போடு படியவைக்கும் மைக்ரோ சோல் போன்ற வலுவான கரைசலைக் கிட் டெகாலுக்கு அளவோடு பயன்படுத்துங்கள். வீட்டில் அச்சிட்டதன் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், சுருங்கிவிடும். ஒட்டி முடித்ததும் ஓரங்களில் இருக்கும் பசையை ஈரத்துணியால் துடைத்து, ஒரு நாள் முழுதும் விடுங்கள். அதன் பிறகு கிளியர் அடிக்கும்போது முதல் இரண்டு பூச்சையும் பனி படிவது போல உலர்வாக அடியுங்கள். ஈரம் சொட்ட அடித்த லாக்கர் வகைக் கிளியர், நீங்கள் ஒரு மாதம் ஜன்னலில் வைத்துக் காப்பாற்றியதை ஒரு நிமிடத்தில் சுருட்டிவிடும்.