ஏற்காட்டு நாய் சேலத்து வெயிலைத் தாங்குமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பகலில் வீட்டில் மாமியார் மட்டும்தான். 9 வயது மகன் பள்ளிக்கூடம் போய்விடுவான். ஏற்காட்டில் தெரிந்த குடும்பம் ஒன்று ஊர் மாறிப் போகிறது. அவர்கள் வளர்த்த 4 வயது லாப்ரடாரை எங்களுக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். மாமியாரோ, நாய் வேண்டாம், பூனைக்குட்டி எடுக்கலாம் என்கிறார். முடிவெடுக்கும் முன் என்னென்ன கேட்க வேண்டும் டாக்டர்?

பதில்: முதல் கேள்வியை உங்கள் வீட்டிலேயே கேளுங்கள். ஏப்ரல் மாதம், மத்தியானம் 2 மணி. அந்த நாய் எங்கே படுத்திருக்கும்? ‘மொட்டை மாடியில் ஷீட் போட்டு’ என்றால், தயவுசெய்து எடுக்காதீர்கள்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டர்கூட இல்லை. சித்திரையில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தொடும். நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும்; நாய்க்கு அந்த வசதி கிடையாது, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். லாப்ரடாருக்கு அடர்த்தியான இரட்டை ரோமம் வேறு. அதற்காக இங்கே வளர்க்கவே முடியாது என்று சொல்லவில்லை. பகல் முழுக்க வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே குளிர்ந்த தரை, எந்நேரமும் தண்ணீர், நடை காலை 6 மணிக்கும் இருட்டிய பிறகும் மட்டும் என்றால் நன்றாகவே இருக்கும். தரை சுடுகிறதா என்று பார்க்க, புறங்கையை ஏழு விநாடி தரையில் வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. அவர்கள் எந்த மாதம் கிளம்புகிறார்கள் என்றும் கேளுங்கள். மார்கழி, தையில் வந்தால் வெயில் ஏற ஏற உடம்பு பழகிக்கொள்ளும். நடு மேயில் இறக்கினால் அதற்குப் பெரும் பாடு.

அப்புறம் கொடுப்பவர்களிடம் கேட்க வேண்டியவை. ‘ஏன் கொடுக்கிறீர்கள்?’ என்பதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். ஊர் மாறுவது உண்மையாகவே இருக்கும். ஆனால் ‘வேறு ஏதாவது சிரமம் இருந்ததா, யாரையாவது கடித்திருக்கிறதா, குழந்தைகளோடு பழகியிருக்கிறதா, கயிறு கட்டி நடந்து பழக்கமா, இடி வெடிச் சத்தத்துக்கு என்ன செய்யும்’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் முழுக் கதையும் வரும். எஸ்டேட்டில் அவிழ்த்துவிட்டே வளர்ந்த நாய்க்கு மாடிப்படியும் தெருவும் பைக் சத்தமும் புதுசு. சாப்பாட்டு நேரத்தில் போய், தட்டு வைக்கும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்று தள்ளி நின்று பாருங்கள். உறுமினால், விறைத்துக்கொண்டு தட்டை மறைத்தால், 9 வயதுப் பையன் இருக்கும் வீட்டுக்கு அது யோசிக்க வேண்டிய விஷயம்.

தடுப்பூசி அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். ‘எல்லாம் போட்டாச்சு’ என்ற வாய்வார்த்தை போதாது. மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், தேதி, மருத்துவர் கையெழுத்து மூன்றும் இருக்க வேண்டும். ரேபிஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது, டிஸ்டெம்பர், பார்வோ என்ற கொடிய வைரஸ் நோய்களுக்கான ஊசிகள் தொடர்ந்து போடப்பட்டனவா என்று பாருங்கள். அட்டை தொலைந்துவிட்டது என்றால், போடவில்லை என்றே வைத்துக்கொண்டு இங்கே வந்ததும் போட்டுவிடுங்கள். கருத்தடை செய்தாயிற்றா என்பதும் அப்போதே தெரிய வேண்டும்.

நாயைத் தொட்டுப் பாருங்கள். காது மடலின் உள்பக்கம், கால் விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில் உண்ணி இருக்கிறதா? பிறகு அதை வளர்த்தவரை மேல் உதட்டைத் தூக்கச் சொல்லி, ஈறை விரலால் ஒரு தடவை அழுத்தி விடச் சொல்லுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறே வெளிறிக் கிடந்தால் உண்ணிக் காய்ச்சல் ரத்தத்தைக் குறைத்திருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்யாமல் கூட்டி வராதீர்கள். லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டுத் தொல்லை வருவதுண்டு. படுத்திருந்து எழும்போதும் படி ஏறும்போதும் பின்கால்களைக் கவனியுங்கள்.

வீட்டு ஓனரிடம் ‘நாய் வளர்க்கலாமா’ என்று மட்டும் கேட்காமல், ‘30 கிலோ எடையுள்ள லாப்ரடார்’ என்று சொல்லியே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டைக் காலி செய்யச் சொன்னதால் தெருவுக்கு வந்த நாய்களை நிறையவே பார்த்துவிட்டேன். வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

மாமியார் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். பகலில் அந்த நாயோடு இருக்கப் போவது அவர்தான். உங்களுக்கு வேண்டாம் என்று ஏன் தோன்றுகிறது அத்தை என்று உட்கார்ந்து கேளுங்கள். பயமா, சுத்தமா, பூஜை அறையா, மூட்டுவலியா? பயம் என்றால் இரண்டு முறை ஏற்காட்டுக்கு அழைத்துப்போய்ப் பழகவிடலாம். முடியவில்லை என்று உடம்பைச் சொன்னால், கயிறை இழுக்கும் நாயை அவர் பொறுப்பில் விடுவது நியாயமில்லை. மகனையும் கணக்கில் எடுங்கள். அவன் ப்ளஸ் டூ எழுதும்போது இந்த நாய்க்கு 12 வயது இருக்கும். மருந்தும் பணிவிடையும் அதிகம் தேவைப்படுகிற வயது.

பூனை உங்கள் வீட்டுக்குச் சுலபம்தான். நடை கூட்டிப் போக வேண்டாம், வெயிலையும் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். ஆனால் ஒரு கேள்வி முக்கியம்: வீட்டில் கறி, மீன் புழங்குமா? பூனைக்கு இறைச்சி இல்லாமல் உடம்பு ஓடாது. பால் சோறும் தயிர் சோறும் மட்டும் கொடுத்தால் நாளடைவில் கண்ணும் இதயமும் கெடும். சைவ வீடு என்றால் பூனைக்கான தீவனத்தை மாதாமாதம் வாங்க வேண்டும். குட்டி 8 வாரமாவது தாயோடு இருந்திருக்க வேண்டும். மாடி ஜன்னல்களுக்கு வலை அடியுங்கள். ஐந்தாறு மாதத்தில் கருத்தடை செய்துவிடுங்கள். ஜுரம் என்று நம் பாராசிட்டமால் மாத்திரையில் பாதிகூடக் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், மாமியார் மனதார ஒப்புக்கொண்டு, ஓனரும் சம்மதித்து, நாய்க்கு வீட்டுக்குள்ளேயே இடமும் இருந்தால் லாப்ரடாரை எடுக்கலாம். இதில் ஒன்று குறைந்தாலும் பூனையே சரி. நாய்தான் என்று முடிவானால், ஒரு மாதத்துக்குள் ஒத்துவரவில்லை என்றால் அவர்களே வேறு ஏற்பாடு செய்வார்களா என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் அது சரியாகச் சாப்பிடாது, வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். அதன் பழைய படுக்கை விரிப்பைத் துவைக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டி வரும் அன்றைக்குக் காலைச் சாப்பாடு வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வயிறு நிறைந்திருந்தால் வாந்தி எடுத்துவிடும்.