மூடாமல் அவித்த கிழங்கு

அன்புள்ள ஐயா,

ஒடியல் கூழ், அதாவது காயவைத்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் கூழ், நம் பண்பாடு என்று நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். மனம் ஒப்பவில்லை. நான் உப்புவெளியில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் காலையில் பாண், இரவில் ரொட்டி. சீனக்குடாவில் மா ஆலை இருக்கிற ஊருக்குக் கோதுமை அந்நியமா? மிளகாயும் வெளியில் இருந்து வந்ததுதானே? 2022இல் காஸும் இல்லை, மாவும் இல்லை என்றபோது நாங்களும் மரவள்ளி சாப்பிட்டோம். விறகை மிச்சம் பிடிக்க மூடி போட்டு அவித்தோம். தம்பிக்குத் தலைசுற்றி வாந்தியும் வந்தது. வறுமைக் காலத்துச் சாப்பாட்டைப் பண்பாடு என்று புகழ்வது வயிறு நிறைந்தவர்களின் பேச்சு.

சி., திருகோணமலை

அன்புள்ள சி.,

பாணும் ரொட்டியும் நம்முடைய சாப்பாடுதான். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இலங்கையில் கோதுமை விளைவதில்லை. சீனக்குடாவுக்குக் கப்பல் வந்தால்தான் ஆலை ஓடும். 2022இல் டொலரும் இல்லை, உக்ரைன் போரால் உலகச் சந்தையில் கோதுமை விலையும் ஏறியது. அதற்கு முந்திய வருஷம்தான் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தி நெல்லையும் விழுத்தியிருந்தார்கள். அதனால்தான் உங்கள் வீட்டு அடுப்பில் மரவள்ளி ஏறியது.

உங்கள் தம்பியைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. மரவள்ளியை வெட்டும்போது அதில் சயனைட் நஞ்சு பிரியும். தோலை உரித்து, நிறையத் தண்ணீரில், பானையை மூடாமல் அவித்தால் அதில் பெரும்பகுதி ஆவியோடும் வடிக்கிற தண்ணீரோடும் போய்விடும். என் அம்மம்மாவுக்குச் சயனைட் என்ற சொல்லே தெரியாது. ஆனால் யாராவது மூடியைக் கையில் எடுத்தால் திண்ணையில் இருந்தே சத்தம் போடுவா. நீலம் ஓடிய துண்டை வெட்டி எறிவா, அன்றைக்கு இஞ்சியைத் தொட விடமாட்டா. கிழங்கு உங்கள் வீட்டுக்கு வந்தது, அந்தச் சத்தம் வரவில்லை. தம்பியின் வாந்திக்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இது நமக்கு மட்டும் நடந்ததில்லை. மெக்சிக்கோவின் பழங்குடிகள் சோளத்தை (மக்காச்சோளத்தை) சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து, ஊறவிட்டுத்தான் அரைப்பார்கள். ஐரோப்பியர் சோளத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். சோளமே கதி என்று இருந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, வயிறு கெட்டது, புத்தி பேதலித்தது. 1735இலேயே காஸ்பர் கசால் என்ற ஸ்பானிய மருத்துவர் இந்த நோயை விவரித்தார். பிறகு அதற்குப் பெல்லக்ரா என்று பெயர் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் தெற்கில் ஆயிரக்கணக்கானவர்கள் இதில் செத்தார்கள். சோளத்தில் உள்ள நியாசின் சத்தைச் சுண்ணாம்புதான் உடம்பில் சேரவிடுகிறது. அந்தச் சத்துக் குறைந்தால் வருவதே இந்த நோய் என்று 1937க்குப் பிறகுதான் தெளிவானது.

நான் பண்பாடு என்றது இந்தச் சுண்ணாம்பையும், மூடாத பானையையும்தான். மிளகாய் வெளியில் இருந்து வந்தது உண்மை. மரவள்ளியும் அப்படித்தான், தென்னமெரிக்காவில் இருந்து வந்தது. வெளியில் இருந்து வந்த ஒன்றை நம் மண்ணுக்கும் உடம்புக்கும் பழக்கப் பல தலைமுறை வேணும். மறக்க ஒரு தலைமுறை போதும். நம் ஊரில் சண்டையும் இடப்பெயர்வும் அந்த ஒரு தலைமுறையைத் தின்றுவிட்டன. முகாமில் நிவாரண மா கொடுத்தார்கள், அது உயிரைக் காத்தது. ஆனால் அங்கே வளர்ந்த பிள்ளைக்குப் பனங்கொட்டையைப் பாத்தியில் போடக் காட்ட வளவு எங்கே இருந்தது?

வயிறு நிறைந்தவர்களின் பேச்சு என்ற குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. ஒடியல் இன்றைக்குக் கடையில் பொலித்தீன் பையில், பாணைவிட விலை கூடிய பண்டமாகத் தொங்குகிறது. எனக்கும் அதைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை. கிண்ணியாவில் எருமைத் தயிரைப் புகழ்கிறோம், எருமைக்கு மேய்ச்சல் தரை சுருங்குவதைப் பேச ஆள் குறைவு. கட்டுரையில் நானும் கூழின் ருசியைத்தான் எழுதினேன். நிலத்தைப் பற்றி எழுதியிருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் வயதானவர்கள் யாராவது இருக்கிறார்களா? ஒடியல் மாவின் கசப்புப் போக எத்தனை தரம் தண்ணீர் மாற்றுவார்கள், எவ்வளவு நேரம் ஊறவிடுவார்கள் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். என் அம்மம்மா சொன்னது எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. தம்பிக்கு இப்போது சுகம்தானே?