டவுன் பிளானிங் படித்தால் வேலை கிடைக்குமா?

கேள்வி: பிளஸ் டூவில் கணிதப் பிரிவு படிக்கிறேன். மழை பெய்தால் எங்கள் தெருவில் மட்டும் ஏன் தண்ணீர் நிற்கிறது, பஸ் ஸ்டாண்டை ஏன் ஊருக்கு வெளியே கொண்டுபோகிறார்கள் என்றெல்லாம் யோசித்துக்கொண்டே இருப்பேன். நகரமைப்புக்கான இளநிலைப் பட்டமான பி.பிளான் படிக்க ஆசை. "சிவில் படித்தாலே அந்த வேலைக்குப் போகலாமே, யாரும் கேள்விப்படாத படிப்பு எதற்கு?" என்கிறார் அப்பா. என்ன செய்யட்டும் அக்கா?
வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புத் தங்கைக்கு,

அப்பாவின் கவலை நியாயமானது. நகரமைப்புப் பணிக்குத் திட்டமிடல் பட்டம் கட்டாயம் என்ற விதி பல மாநிலங்களில் இல்லை. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே இதைக் குறையாகச் சொல்கிறது. நாட்டுக்கு 12,000க்கும் மேற்பட்ட திட்டமிடுநர்கள் தேவை. மாநில நகரமைப்புத் துறைகளில் இருப்பதோ 4,000க்கும் குறைவான பணியிடங்கள், அதிலும் ஏறக்குறையப் பாதி காலி என்கிறது அது. தேவை இருக்கிறது என்பதால் நியமனம் நடந்துவிடாது. அரசு வேலை ஒன்றையே நம்பி இதில் இறங்க வேண்டாம்.

ஆனாலும், படியுங்கள் என்றுதான் சொல்வேன். காரணம், உங்கள் கேள்விகள்.

ஒரு லே-அவுட் வரைபடம் ஒப்புதலுக்கு வருகிறது என்று வையுங்கள். வரிசையாக மனைகள், நடுவே 30 அடி ரோடு, எல்லாம் ஒழுங்காகத் தெரியும். கிராம வரைபடத்தையும், ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவுகளைக் காட்டும் எஃப்.எம்.பி. ஸ்கெட்சையும் பக்கத்தில் விரித்த பிறகுதான், நாலைந்து மனைகளுக்கு ஊடே ஒரு வாய்க்கால் போவது தெரியவரும். அதை அங்கே பிடிக்காமல் விட்டால், அப்புறம் எத்தனை மோட்டார் வைத்து இறைத்தாலும் அந்தத் தெருவில் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். இன்னொன்று. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடம் என்றால், ரோடு போக மீதியில் பத்து சதவீதத்தைப் பூங்கா, விளையாட்டுத் திடல் போன்ற பொது உபயோகத்துக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. விலைபோகாத பள்ள மூலையை அதற்குக் காட்டுகிறவர்கள் உண்டு. "இங்கே எந்தக் குழந்தை வந்து விளையாடும்? மாற்றிக் கொடுங்கள்" என்று அந்த மேசையில் ஒருவர் சொல்ல வேண்டும். அந்த ஒருவராக நீங்கள் இருக்கலாம்.

அதனால் இதைப் படம் வரைகிற வேலையாக நினைத்து வராதீர்கள். சட்டம், பட்டா, ஆட்சேபணை மனுக்கள், பிடிவாதக்காரர்களோடு மணிக்கணக்கில் பேச்சு என்றுதான் பாதி நாள் போகும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஒத்துவராது.

பி.பிளான் நான்கு வருடம். டெல்லி, போபால், விஜயவாடாவில் உள்ள எஸ்.பி.ஏ.க்களில் (மத்திய அரசின் திட்டமிடல், கட்டடக்கலைக் கல்வி நிறுவனங்கள்) சேர ஜே.இ.இ. மெயினில் 2பி தாள் எழுத வேண்டும். கணிதம், ஆப்டிட்யூட், திட்டமிடல் சார்ந்த கேள்விகள் வரும். இயற்பியலும் வேதியியலும் அதில் கிடையாது. அப்பா சொல்வதுபோல் சிவில் முடித்துவிட்டு இரண்டு வருட எம்.பிளான் (திட்டமிடலில் முதுநிலைப் பட்டம்) சேரும் வழியும் நல்ல வழிதான். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்திலேயே அது இருக்கிறது. வீட்டில் செலவு பெரிய விஷயம் என்றால் அதையே தேர்ந்தெடுங்கள். நான்கு வருடம் கழித்து மனம் மாறினாலும் கையில் ஒரு சிவில் பட்டம் இருக்கும்.

வேலை என்று பார்த்தால் மாநில நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி., சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. தவிர, போக்குவரத்து ஆய்வு, மெட்ரோ திட்டங்கள், மாஸ்டர் பிளான் (ஊரின் நீண்டகால வளர்ச்சித் திட்டம்) தயாரிக்கும் கன்சல்டன்சிகள், கணினியில் வரைபடத் தகவல்களைக் கையாளும் ஜி.ஐ.எஸ். நிறுவனங்கள் இருக்கின்றன. தனியாரில் தொடக்கச் சம்பளம் ஐ.டி. அளவுக்கு இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இந்த ஜி.ஐ.எஸ். வேலைக்கான கியூ.ஜி.ஐ.எஸ். என்ற இலவச மென்பொருளை இப்போதே பழகிக்கொண்டால் முதல் வேலைக்கு நிச்சயம் கைகொடுக்கும். டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் சிவில், ஆர்க்கிடெக்சர் படித்தவர்களோடும் மோத வேண்டிவரலாம் என்பதால், ஒவ்வொரு அறிவிக்கையிலும் கல்வித் தகுதிப் பகுதியை வரிவரியாகப் படியுங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். 2008இல் நடைமுறைக்கு வந்த சென்னையின் இரண்டாவது மாஸ்டர் பிளான் சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் இருக்கிறது. அதில் நிலப் பயன்பாடு பற்றிய பகுதியை அப்பாவோடு உட்கார்ந்து படியுங்கள். உங்களுக்குச் சலிப்புத் தட்டினால் சிவில் போங்கள். அடுத்த பகுதியைப் புரட்டத் தோன்றினால், ஜே.இ.இ. விண்ணப்பத்தில் பி.பிளானையும் சேர்த்துக் குறித்துவிடுங்கள். கடைசித் தேதி வரை தள்ளிப்போட வேண்டாம்.