மித்ரன், கண்ணன், கிறிஸ்து: ஒப்புமைகளைப் பற்றி

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்மையில் ஒரு காணொளி பார்த்தேன். எகிப்தின் ஹோரஸ், பாரசீகத்தின் மித்ரன், நம் கிருஷ்ணர் ஆகிய மூவருமே டிசம்பர் 25 அன்று கன்னியின் வயிற்றில் பிறந்தவர்கள், பன்னிரண்டு சீடர்களை உடையவர்கள், சிலுவையில் மாண்டு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தவர்கள், ஆகவே இயேசுவின் கதை முழுக்க நகல்தான் என்கிறது அது. அலுவலகத்தில் இதைச் சொன்னபோது கிறிஸ்தவ நண்பர் ஒருவர் மனம் வருந்தினார். மறுக்க அவரிடமும் சான்று இல்லை, நிறுவ என்னிடமும் இல்லை. இதில் எவ்வளவு உண்மை?

ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

மூவரில் கண்ணனின் கதை நம் வீட்டுக் கதை என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். தேவகிக்கு அவன் எட்டாவது பிள்ளை. முதல் ஆறு குழந்தைகளைக் கம்சன் கொன்றான், ஏழாவது கரு ரோகிணியின் வயிற்றுக்கு மாற்றப்பட்டது. எனவே கன்னிப்பிறப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. அவன் பிறந்த நாளாக நாம் கொண்டாடுவது ஆவணி மாதத்தை ஒட்டிய தேய்பிறை அஷ்டமி. அவன் உயிர் துறந்ததோ, காட்டில் படுத்திருந்தவனை மான் என்று நினைத்து ஜரா என்னும் வேடன் எய்த அம்பு பாதத்தில் தைத்ததால். பிறகு சிலுவை எங்கிருந்து வந்தது? 1875-இல் கெர்சி கிரேவ்ஸ் என்ற அமெரிக்கர், சிலுவையில் அறையப்பட்ட மீட்பர்கள் உலகில் பதினாறு பேர் என்று ஒரு நூல் எழுதி, அந்த வரிசையில் கிருஷ்ணரையும் சேர்த்தார். கிருஷ்ணன், கிறிஸ்து என்ற பெயர்களை ஒலியை வைத்து முடிச்சுப் போடும் வழக்கம் அதற்கும் முந்தையது; 1791-இல் வெளிவந்த பிரெஞ்சு எழுத்தாளர் வோல்னியின் நூலிலேயே அது இருக்கிறது. கிருஷ்ண என்றால் கரிய. கிறிஸ்து என்பது எண்ணெய் பூசி அபிஷேகம் செய்யப்பட்டவர் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல், மேசியா என்ற எபிரேயச் சொல்லின் மொழிபெயர்ப்பு. நம் இதிகாச புராணங்களைச் சரியாகப் படிக்காதவர்கள் எழுதி வைத்ததை, அவற்றைக் கேட்டு வளர்ந்த நாமே திருப்பிச் சொல்கிறோம் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஹோரஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொலையுண்ட கணவன் ஒசைரிஸின் உடலை மீட்டுச் சேர்த்து, பருந்தின் உருவில் அதன்மேல் சிறகடித்து ஐசிஸ் ஹோரஸைக் கருத்தரித்தாள் என்பதே எகிப்தியக் கதை. அபிடோஸில் முதலாம் சேத்தி கட்டிய கோயிலின் சுவரில் அக்காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. அது கணவனுக்கு மனைவி பெற்ற பிள்ளையின் கதை.

மித்ரன் விஷயம் சற்றுச் சிக்கலானது, ஏனென்றால் அந்தப் பெயர் உண்மையிலேயே மிகப் பழையது. ரிக்வேதத்தில் மித்ரன் உண்டு; இன்றைய சிரியாப் பகுதியில் இருந்த மித்தன்னி அரசின் கி.மு. 14-ஆம் நூற்றாண்டு உடன்படிக்கையில் வருணன், இந்திரனோடு அவன் பெயரும் சாட்சியாக வருகிறது. ஆனால் காணொளிகள் பேசுவது உரோமப் பேரரசின் படைவீரர்களும் சுங்க அலுவலர்களும் விடுதலை பெற்ற அடிமைகளும் வழிபட்ட மித்ராஸைப் பற்றி. அந்த வழிபாட்டின் கல்வெட்டுகளும் சிற்பங்களும் கி.பி. முதலாம் நூற்றாண்டின் இறுதியில்தான் கிடைக்கத் தொடங்குகின்றன. கிறிஸ்தவத்தின் மிகப் பழைய எழுத்துகளான பவுலின் கடிதங்களோ கி.பி. 50-களிலேயே எழுதப்பட்டுவிட்டன. பெயரின் வயதை வழிபாட்டின் வயதாக எடுத்துக்கொள்வதில்தான் முதல் பிழை நேர்கிறது.

அந்த வழிபாட்டுக்கு வேதநூல் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருப்பவை குகைபோன்ற கோயில்களும் சிற்பங்களும்தான். உரோமில் புனித கிளமெந்து ஆலயத்தின் அடியில் அப்படியொரு கோயில் இருக்கிறது. இன்றைய ஆலயத்துக்குக் கீழே 4-ஆம் நூற்றாண்டு ஆலயம், அதற்கும் கீழே இறங்கினால் நிலத்தடி நீர் ஓடும் ஓசை கேட்கும் ஓர் அடித்தளம், அங்கே வளைந்த கூரையும் இரு பக்கமும் கல் திண்ணைகளும் கொண்ட ஒரு சிறிய அறை. நடுவில் நிற்கும் பலிபீடத்தில் மித்ராஸ் ஒரு காளையை முழங்காலால் அழுத்தி, அதன் தலையைப் பின்னுக்கு இழுத்துக் கத்தியைப் பாய்ச்சுகிறான். இக்காட்சி பேரரசெங்கும் திரும்பத் திரும்ப வருவது: வழியும் குருதியை நோக்கி ஒரு நாயும் பாம்பும் தாவும், காளையின் விதைப்பையைத் தேள் கவ்வும், வாலின் நுனியில் கோதுமைக் கதிர் முளைக்கும். பல சிற்பங்களில் சுற்றிலும் பன்னிரண்டு இராசிகள் இருக்கும். பன்னிரண்டு சீடர்கள் என்று காட்டப்படுபவை இவையே. மித்ராஸ் எந்தப் பெண்ணுக்கும் பிறக்கவில்லை, கையில் கத்தியோடும் தீப்பந்தத்தோடும் பாறையைப் பிளந்துகொண்டு வெளிவருகிறான். அவன் இறந்ததாகச் சான்றே இல்லாதபோது உயிர்த்தெழுவது எப்படி? அந்த எளிய படைவீரர்களின் சமயம் தனக்கென்று ஓர் அழகும் மறைபொருளும் கொண்டிருந்தது. அதை இன்னொன்றின் முன்வரைவாகச் சுருக்குவது அவர்களுக்கும் செய்யும் அநீதி.

ஓர் உண்மையான ஒப்புமை உண்டு, அதை மறைக்கக் கூடாது. மித்ராஸ் சடங்கில் அப்பமும் ஒரு கிண்ணம் நீரும் வைக்கப்படுவதை 2-ஆம் நூற்றாண்டின் நடுவில் கிறிஸ்தவரான ஜஸ்டினே எழுதியிருக்கிறார். அப்பமும் திராட்சை இரசமும் பகிரும் தங்கள் நற்கருணைச் சடங்கைப் பார்த்துப் பேய்கள் செய்த போலி என்று அதற்கு அவர் விளக்கம் கூறினார். சேர்ந்து உண்பது சடங்காவது அக்காலச் சமயங்கள் பலவற்றுக்கும் பொதுவானது என்பதற்கு மேல் அதிலிருந்து எதையும் பெற முடியாது.

டிசம்பர் 25 எந்த நற்செய்தியிலும் இல்லை. 354-ஆம் ஆண்டின் உரோம நாட்காட்டித் தொகுப்பு ஒன்றில் அந்த நாள் ‘வெல்லப்படாதவனின்’ (சூரியக் கடவுள் என்று பொதுவாகக் கொள்வர்) பிறந்த நாளாகவும், அதே தொகுப்பின் வேறொரு பட்டியலில் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்த நாளாகவும் குறிக்கப்பட்டிருக்கிறது. சூரிய விழாவைக் கிறிஸ்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது ஒரு கருத்து; இயேசு இறந்த நாளும் கருவான நாளும் மார்ச் 25 என்று கணித்து, ஒன்பது மாதம் கூட்டினார்கள் என்பது இன்னொன்று. அறிஞர்களிடையே விவாதம் இன்றும் முடியவில்லை. ஆனால் அந்த நாளை மித்ராஸுக்கு உரியதாகச் சொல்லும் பழைய சான்று கிடையாது. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6-ஆம் தேதியையே கொண்டாடுகிறது.

இக்காணொளிகள்மீது எனக்குள்ள உண்மையான கோபம் இனிமேல்தான். கிறிஸ்தவத்தின் தாய் யார் என்ற கேள்விக்கு எகிப்தையும் பாரசீகத்தையும் இந்தியாவையும் தேடி அலைபவர்கள், கண்ணெதிரே இருக்கும் யூதர்களைப் பார்ப்பதே இல்லை. பன்னிரண்டு சீடர்கள் இஸ்ரயேலின் பன்னிரண்டு குலங்களைக் குறிப்பவர்கள் என்பதை மத்தேயு நற்செய்தியே சொல்கிறது. இறந்தோர் எழுவர் என்ற நம்பிக்கை, கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் அந்தியோக்கு மன்னனின் கொடுமையில் மாண்ட யூதத் தியாகிகளின் நினைவோடு வலுப்பெற்றது. இயேசுவின் காலத்து யூதப் பிரிவினருள் பரிசேயர் அதை ஏற்றனர், சதுசேயர் மறுத்தனர். சிலுவையில் இயேசு கதறும் சொற்கள் யூதரின் மறைநூலில் உள்ள 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. நம் ஊர்த் தேவாலயங்களில் இன்றும் புழங்கும் பாஸ்கா என்ற சொல்லே யூதரின் விடுதலைத் திருவிழாவின் பெயர்தான்.

கன்னிப்பிறப்பைப் பற்றிய உண்மையான கேள்வியும் அங்கேதான் இருக்கிறது. உங்கள் நண்பர் வீட்டில் பழைய திருப்புதல் எனப்படும் தமிழ் வேதாகமமும் கத்தோலிக்கரின் திருவிவிலியமும் இருந்தால், ஏசாயா 7:14-ஐ இரண்டிலும் எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் ‘கன்னிகை’ என்றும் மற்றதில் ‘இளம்பெண்’ என்றும் இருக்கும். எபிரேய மூலத்தில் உள்ள ‘அல்மா’ இளம்பெண்ணைக் குறிப்பது. அதை யூத மொழிபெயர்ப்பாளர்கள் கிரேக்கத்தில் ‘பார்த்தேனோஸ்’, அதாவது கன்னி, என்று ஆக்கினார்கள். மத்தேயு மேற்கோள் காட்டுவது அந்தக் கிரேக்கத்தை. அந்த ஒரு சொல்லிலிருந்து கதை பிறந்ததா, ஏற்கெனவே இருந்த நம்பிக்கைக்கு அந்தச் சொல் ஆதாரமாயிற்றா என்று விசுவாசிகளும் விசுவாசிகள் அல்லாதவர்களும் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். நீங்களும் அவரும் மனம் நோகாமல் உட்கார்ந்து பேச அந்த வசனத்திலிருந்து தொடங்கலாம்.