நிலக்கரி அடுப்பின் சாம்பலும் கண்ணாடியும்: கேள்வி பதில்

வெள்ளவத்தை வாசகி: நுவரெலியாவில் நாங்கள் வாங்கிய பழைய பங்களாவில் கண்ணாடிக் கதவுள்ள நிலக்கரி அடுப்பு இருக்கிறது, ஐயா. கதவைத் திறந்தால் சாம்பல் பறக்கிறது. கண்ணாடி ஒரே இரவில் கறுத்துவிடுகிறது.

பதில்: இரண்டும் காற்றைக் கையாளும் முறையால் வருபவை. நிலக்கரி எரிய அடியிலிருந்து காற்று வேண்டும் என்றாலும், கீழ்த் துவாரத்தை அளவுக்கு மீறித் திறந்துவைத்தால் அந்த வேகமே நுண்சாம்பலைக் கிளப்பிவிடும். கதவு மூடியிருக்கும்போதே வெளிக்கைபிடியால், தணலைத் தாங்கும் இரும்புத் தட்டியைச் சிறு அசைவுகளாக ஆட்டுங்கள். செந்தணல் கீழே விழத் தொடங்கியதும் நிறுத்துங்கள். பிறகு புகைபோக்கியைத் திறந்து மூடும் தகட்டை முழுமையாகத் திறந்து, சற்றுப் பொறுத்து, கதவை முதலில் ஒரு விரற்கடை மட்டும் நீக்கினால், எழுந்த தூசியைப் புகைபோக்கியே இழுத்துக்கொள்ளும். சாம்பல் தட்டு நிரம்பித் தட்டியைத் தொடும்வரை விடாதீர்கள். காற்றோட்டமின்றி இரும்புத் தட்டியே வெந்து வளைந்துவிடும்.

கண்ணாடி கறுப்பது, இரவில் காற்றை அடைத்து நெருப்பைப் புகையவிடுவதால். குறைவெப்பத்தில் எரியாத தார் கண்ணாடியில் படிகிறது. மேல் துவாரத்தைச் சிறிது திறந்துவைத்தால், அவ்வழியே இறங்கும் காற்று கண்ணாடியை ஒட்டிப் பாய்ந்து புகையை விலக்கும். ஆவியாகும் பொருள் குறைந்த அந்திரசைற்று என்னும் கடின நிலக்கரி கிடைத்தால் தாரும் குறையும். ஆனால் நெருப்பு உயிரோடிருக்கையில் புகைபோக்கித் தகட்டை ஒருபோதும் முழுதாக மூடாதீர்கள். மூடினால் அறைக்குள் தேங்கும் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

கொட்டாஞ்சேனை வாசகர்: மழைக்காலத்தில் தொடர்மாடி வீட்டுக்குள் சிரட்டைக்கரி அடுப்பு வைக்கலாமா?

பதில்: கூடாது. சன்னல்களைச் சாத்திய அறையில் கரித்தணல் ஆளைக் கொன்றுவிடும்.

பம்பலப்பிட்டி வாசகி: அம்மம்மா அரிக்கன் லாம்புச் சிமினியைச் சாம்பலால் துடைத்துப் பளபளப்பாக்குவார். அடுப்புக் கண்ணாடிக்கும் அதையே செய்யலாமே?

பதில்: அது விறகுச் சாம்பல். அதன் காரத்தன்மை புகைக்கரிப் படிவை இளக்கும். நிலக்கரிச் சாம்பலில் கண்ணாடியைக் கீறும் துகள்களும் கந்தகச் சேர்வைகளும் உண்டு. ஈரம் பட்டால் அவை நிரந்தர வெண்படலமாகக் கண்ணாடியை அரித்துவிடும்.

கொட்டாஞ்சேனை வாசகர்: எல்லாம் சாம்பல்தானே? பம்பலப்பிட்டி வாசகியின் அம்மம்மா செய்ததை ஏன் மறுக்கிறீர்கள்?

பதில்: அவரை மறுக்கவில்லை, தம்பி, அவர் கையிலிருந்தது வேறு பொருள். நுரைச்சோலை நிலக்கரி அனல்மின் நிலையத்தின் நுண்சாம்பலைச் சீமெந்தில் கலக்கிறார்கள் என்றால், அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகுவதே காரணம். நம் வீட்டு விறகுச் சாம்பலில் பெரும்பங்கு கல்சியமும் பொற்றாசியமும். ஆகவே கண்ணாடி முழுதாக ஆறியபின், விறகுச் சாம்பலைச் சலித்து, ஈரத்துணியால் தொட்டுத் துடையுங்கள். நிலக்கரிச் சாம்பலைக் கீரைப் பாத்திக்கும் போடாதீர்கள். அதில் ஆசனிக்கு போன்ற நச்சுப்பொருள்கள் இருக்கக்கூடும்.

தெகிவளை வாசகர்: சாம்பலை வக்கூம் கிளீனரால் உறிஞ்சலாமா?

பதில்: வேண்டாம். ஒளிந்திருக்கும் தணல் பையை எரிக்கும். நுண்துகள் பையைக் கடந்து மீண்டும் அறைக்குள் வரும். மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி வெளியே வையுங்கள்.

வத்தளை வாசகர்: கண்ணாடி ஏன் கறுக்கிறது?

பதில்: முதற் பதிலில் விரிவாகச் சொல்லியிருக்கிறேன், தகட்டைப் பற்றிய கடைசி வரியையும் தவறாமல் படியுங்கள்.