கேளுங்க அண்ணாச்சி: ஃபியூஸ் ஏன் போய்க்கொண்டே இருக்கிறது?

கேள்வி: அண்ணாச்சி, அப்பா 1998-இல் வாங்கிய ஸ்பிளெண்டரை இப்போது நான் ஓட்டுகிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்த வண்டி. எஞ்சின் வேலையெல்லாம் பார்த்துவிட்டேன். ஆனால் ஆறு மாதமாக அடிக்கடி ஃபியூஸ் போகிறது. போனால் ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் மூன்றும் செத்துவிடும். வண்டி மட்டும் நிற்காது, ஹெட்லைட்டும் எரியும். மெக்கானிக் 10 ஆம்பியரை எடுத்துவிட்டு 20 போடச் சொல்கிறார். போடலாமா?
– வாசகர், குறுக்குத்துறை

பதில்: வேண்டாம் தம்பி, தயவுசெய்து போட வேண்டாம். ஃபியூஸ் போவது நோய் இல்லை, எங்கேயோ ஒயர் பாடியில் உரசுகிறது என்று வண்டி சொல்கிற சேதி. அங்கே 20 போட்டால் அதற்கு முன்னால் ஒயர்தான் எரியும். பல வருடத்துக்கு முன்னால் என் வண்டியில் ஒரு பட்டறையில் ஃபியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றிக் கொடுத்தார்கள், பாளையில் இருந்து வீடு வருவதற்குள் சீட்டுக்கு அடியில் புகை வந்து மொத்த ஒயரிங்கும் உருகிப் போனது. அந்த நாற்றம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. உங்கள் வண்டியில் எஞ்சினுக்கு வேண்டிய கரண்டும் ஹெட்லைட் கரண்டும் மேக்னெட்டில் (எஞ்சின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்குகிற பாகம்) இருந்து நேராக வருகிறது, பேட்டரியைக் கேட்பதில்லை. அதனால்தான் ஃபியூஸ் போனாலும் ஓடுகிறது. ஆக, தேட வேண்டியது பேட்டரியில் இருந்து கரண்ட் வாங்குகிற ஒயர்களை மட்டும்தான்.

இனி ஃபியூஸ் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். 12 வோல்ட் 21 வாட் பிரேக் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் பற்றவைத்து, போன ஃபியூஸ் இருந்த இடத்தில் அதை மாட்டுங்கள். எவ்வளவு பெரிய ஷார்ட் ஆனாலும் பல்பு இரண்டு ஆம்பியருக்கு மேல் விடாது, ஒயர் எரியாது. சாவியைப் போடுங்கள். எந்த சுவிட்சும் போடாமலே பல்பு பளிச்சென்று எரிந்தால் ஷார்ட் இப்போதே இருக்கிறது. எரியவில்லை என்றால் ஹேண்டில்பாரை இடது கோடி, வலது கோடி என்று மெதுவாகத் திருப்புங்கள், ஒயர்க் கட்டைக் கையால் அங்கங்கே அசையுங்கள், எந்த இடத்தில் கை வைக்கும்போது பல்பு பளிச்சிடுகிறதோ அதுதான் இடம். பிரேக்கை மிதித்தால் பல்பு மங்கலாக எரியும், அது சரிதான், பிரேக் லைட்டுக்குப் போகிற கரண்ட் அது. மிதித்ததும் முழு வெளிச்சம் வந்தால் பச்சையில் மஞ்சள் கோடு போட்ட ஒயரைப் பின் மட்கார்டு வரை பாருங்கள். பிரேக்கைத் தொடாமலே, சாவி போட்டதும் வருகிறது என்றால் கறுப்பு ஒயர்.

என் கணிப்பு, ஹேண்டில் திரும்புகிற கழுத்துப் பக்கம். இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக ஒரே இடத்தில் மடங்கி மடங்கி ஒயரின் தோல் அங்கேதான் உரிந்திருக்கும். டேப் சுற்றி மூடிவிடாதீர்கள், அடுத்த மழைக்கு உள்ளே ஈரம் நிற்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கெட்டதை வெட்டி, சாலிடர் வைத்து, சூட்டில் சுருங்குகிற ஸ்லீவ் போட்டு, ஹேண்டில் திரும்ப கொஞ்சம் தொய்வு விட்டுக் கட்டுங்கள். அப்புறம், வெள்ளத்தில் கிடந்த வண்டி என்பதால் டூமுக்குள் (ஹெட்லைட் கூடு) இருக்கிற கப்ளர்களையும், அதாவது ஒயர்களை இணைக்கிற சொருகிகளையும், ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள், பச்சை பூத்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிட்டு மாட்டினால் போதும்.

கேள்வி: என் பழைய பைக்கில் இடது இண்டிகேட்டர் போட்டால் பின் லைட்டும் சேர்ந்து மங்கலாக மினுக்குகிறது. பல்பு மாற்றியும் போகவில்லை.
– வாசகி, உவரி

பதில்: எர்த் கெட்டிருக்கிறது அக்கா. திரும்பிப் போக வழி இல்லாத கரண்ட் அடுத்த பல்பு வழியாகப் போகப் பார்க்கிறது. கடற்கரை ஊர் வேறு, உப்புக் காத்துக்கு நட்டெல்லாம் துரு ஏறும். பின் லைட்டுக்குப் போகிற எர்த் ஒயர் பாடியில் முடுக்கியிருக்கிற இடத்தை எமரித் தாளில் தேய்த்து, பெயிண்ட் போய் இரும்பு பளபளக்க விட்டு, இறுக்கி முடுக்கி மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

கேள்வி: புது பேட்டரி இரண்டு மாதம்கூட வருவதில்லை. பேட்டரி மோசமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் பேட்டரியைக் குறை சொல்ல முடியாது. இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும், வண்டியை ஓடவிட்டு ரேஸ் கொடுத்தால் 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் ஏற வேண்டும். ஏறவே இல்லையென்றால் மேக்னெட் காயிலோ, அந்தக் கரண்டை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றுகிற ரெக்டிஃபையரோ கெட்டிருக்கும், 15-ஐத் தாண்டினால் வோல்ட்டை ஏறவிடாமல் பிடிக்கிற ரெகுலேட்டர் போய் பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது. இரண்டு அளவையும் எழுதி அனுப்புங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.